பஸ்ஸுக்கு ஒரு மூடை நெல்

நான் ஒலுவிலிலிருந்து மருதமுனைக்கு பஸ் ஓட்டுகிறேன். பெரிய றோட்டில் இல்லை, உள் றோட்டில். வயலோரமாக நிந்தவூருக்குள் நுழைந்து, காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று வளைந்து வளைந்து போகும் பஸ். முதல் ஓட்டம் காலை ஆறு மணிக்கு. பஸ் என்னுடையது இல்லை. சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியாருடையது. ஸ்டீயரிங் மட்டும் இருபது வருடமாக என் கையில் இருக்கிறது.

என் மகளுக்கு ஒரு கம்பனி இருக்கிறது. பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டும் கம்பனி. அதனிடம் ஒரு பஸ்கூட இல்லை. கொழும்பில் பணம் போடுகிறவர்கள் அதற்கு ஒரு விலை சொன்னார்கள். அந்த விலைக்கு எங்கள் றோட்டில் ஓடும் பஸ் எல்லாவற்றையும் வாங்கலாம். வாங்கி டயரும் மாற்றலாம்.

அதே மாதம்தான் ஹாஜியார் என் பஸ்ஸை நிறுத்தப் போவதாகச் சொன்னார்.

இரண்டும் ஒன்றாக வந்ததால் யோசிக்க வேண்டியதாயிற்று. யோசித்ததையும் நடந்ததையும் எழுதுகிறேன்.

ஹாஜியாருக்கு ஹார்ட்வெயார் கடையும் உண்டு. சீமெந்து மூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி வந்தது. குடிக்க முதலே சொன்னார்.

"தம்பி, வயல்வெட்டு முடியட்டும். மறுகா இந்த பஸ்ஸ நான் வெச்சிக்கிறல்ல."

"ஏன் ஹாஜியார்?"

"ஏனா? அது குடிக்கிற டீசல நீங்கதானே பாக்கிறீங்க. நுவரெலியா ட்ரிப்புக்கு ஒருத்தன் கேக்கான். குடுத்திட்டு நிம்மதியா இரிப்பம்."

"காலைல வாற சனம்?"

"சனத்துக்கு ஆட்டோ இரிக்கி. மோட்டார்சைக்கிள் இரிக்கி. நான் என்ன ஊருக்கெல்லாம் வாப்பாவா?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவர் கெட்டவர் இல்லை. டீசல் வரிசைக் காலத்தில் என்னோடு வரிசையில் நின்றவர். அந்த நோன்புக்கு இரண்டு பேரும் பஸ்ஸுக்குள்ளேயே பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்திருக்கிறோம். டிக்கெட்டில் வருவது டீசலுக்கே போகிறது என்றால் அவரும் என்ன செய்வார்?

ஆனால் பஸ் நின்றால் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலில் விதானைக்கு.

விதானை என்றால் வட்டை விதானை. எங்கள் பக்கம் வயல் தொகுதியை வட்டை என்போம். ஒரு வட்டைக்குத் தண்ணீர் திறப்பதும், யாருக்கு எப்போது என்று பங்கிடுவதும், வரம்புச் சண்டையைத் தீர்ப்பதும் அவர் வேலை. நிந்தவூர் உள் றோட்டில் வீடு. என் வயதுதான். மச்சான் என்று கூப்பிடுவோம். சொந்தம் இல்லை, பழக்கம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு மூன்று நாள் கல்முனை ஆஸ்பத்திரியில் மெசினில் இரத்தம் கழுவ வேண்டும். ஆட்டோவில் போனால் வருமானம் முழுக்க ஆட்டோவுக்குப் போய்விடும். மனைவியின் ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் உட்கார உடம்பு தாங்காது. என் பஸ்ஸில்தான் போவார். வீட்டு வாசலில் நிற்பாட்டி, கொண்டக்டர் இறங்கி, கையைப் பிடித்து ஏற்றுவார். ஐந்து நிமிடம் போகும். சில நாள் ஆறு.

இப்போது மகளின் கம்பனியைச் சொல்ல வேண்டும்.

அவள் ஒலுவில் கம்பஸில் படித்தவள். கூடப் படித்த இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்கினாள். உள் றோட்டில் ஓடும் எட்டு பஸ்ஸிலும் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு மெசின் ஒட்டினார்கள். அது பஸ் நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பஸ் நேரத்துக்கு ஓடினால் அவளுடைய திரையில் கோடு பச்சை. பிந்தினால் சிவப்பு. எட்டு பஸ்ஸில் ஆகக் கூடின சிவப்பு என்னுடையது.

பகல் சாப்பாட்டில் கேட்பாள்.

"வாப்பா, இண்டைக்கும் நீங்கதான் கடைசி."

"ஓம்."

"நிந்தவூர்ல ஆறு நிமிசம் நிண்டிருக்கீங்க."

"விதானைக்கு."

"காரதீவுல மூணு நிமிசம்?"

"மீன்காரி. கூடை ஏத்தணும்."

"ரீச்சர்ட கேற்றடியில?"

"புள்ளைக்குச் சோறு தீத்தி முடியல்ல."

மனைவி சட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "இவரு பஸ்ஸா ஓட்டுறார்? வீடு வீடா ஸலாம் சொல்லிட்டுப் போறார்."

மகள் சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து ஆள் வரப்போகிறது என்றாள். முதலில் சொன்ன விலை கடதாசியைப் பார்த்துச் சொன்னது. இனி நேரில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

"மகள், ஒன்ட கம்பனியில என்ன இரிக்கி?"

"ரெண்டு லெப்டொப். மூணு பேர். எட்டு மெசின்."

"அதுக்கா இந்த வில?"

"இண்டைக்கு இரிக்கிறத்துக்கில்ல வாப்பா. அஞ்சு வருசத்துல இரிக்கப் போறத்துக்கு."

"வராட்டி?"

"வராட்டி அவங்கட காசு போகும். தெரிஞ்சுதான் போடுறாங்க. பத்துல ஒண்டு பெரிசா வந்தா அவங்களுக்குக் காணும்."

மனைவி இதைச் சூது என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதைக்கிறவனும் நெல்லைக் கொண்டுபோய்ச் சேற்றில்தான் எறிகிறான். யாவாரி கதிர் முற்ற முன்னரே வயலைப் பார்த்து விலை பேசுகிறான். எங்கள் வீட்டு வளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலம் அதற்கு நல்ல விலை இருந்தது. பிறகு கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. எங்களுக்கு முன்னால் ஆறு வீடு இருந்தது. இப்போது இரண்டு. எங்கள் வீட்டில் ஒரு கல்லும் குறையவில்லை. ஆனால் விலை கேட்டு ஒருவரும் வருவதில்லை. நாளையைப் பார்த்துத்தான் எல்லோரும் விலை சொல்கிறார்கள்.

அதில் எனக்குக் குறை இல்லை. என் குறை வேறு. கம்பனிக்கு ஐந்து வருடம் பார்க்கிறார்கள். பஸ்ஸுக்கு இன்றைய டிக்கெட்டை மட்டும் பார்க்கிறார்கள். ஓடுகிற பஸ்ஸின் மேல்தான் அந்த மெசின் ஒட்டியிருக்கிறது. பஸ்ஸை நுவரெலியாவுக்கு அனுப்பிவிட்டால் மெசின் எதைக் காட்டும்?

இதை மகளிடம் சொல்லவில்லை. ஹாஜியார் சொன்னதையும் சொல்லவில்லை. அவளுக்கு விலை போடும் நாள் முடியட்டும் என்று இருந்தேன்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. கொழும்புக்காரர் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சப்பாத்து. தமிழ்தான், நடுநடுவே இங்கிலீசுக்குப் போய்த் திரும்பி வந்தார். எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்து வரிசையில் மகள், மடியில் போனோடு.

நான் ஒரு முடிவோடு வந்திருந்தேன். கொண்டக்டரைக் கூப்பிட்டேன். அவர் காரைதீவுக்காரர், என்னோடு ஒன்பது வருடம், அண்ணன் என்ற முறையில் என்னைக் காக்கா என்பார்.

"இண்டைக்கு பஸ் ஹோல்ட்டுல மட்டுந்தான் நிப்பாட்டுற."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன காக்கா, சுகமில்லையா?"

"சொன்னத்தச் செய்ங்க."

ஆறு மணிக்கு எடுத்தேன். ஆறு மணி என்றால் ஆறு மணிதான். வயல் றோட்டில் பஸ் சத்தமாக ஓடியது. கதிர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ரீச்சரின் கேற்றைத் தாண்டினேன். உள்ளேயிருந்து ஒரு கை ஆடியது. நிற்கவில்லை.

விதானையின் வாசல் வந்தது. வெளியே நின்றிருந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பை. கையை உயர்த்தினார். நிற்கச் சொல்லும் கை இல்லை அது. வா என்று சும்மா தூக்கும் கை. நான் நிற்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

நான் தாண்டிப் போனேன். கண்ணாடியில் பார்த்தேன். கையை இறக்காமல் நின்றார். பிறகு வளைவு வந்துவிட்டது.

கொண்டக்டர் டிக்கெட் புத்தகத்தால் தொடையில் ஒரு அடி அடித்துக்கொண்டார்.

"முழுக்கப் பச்சை," என்றாள் மகள், போனைப் பார்த்து. பிறகு தலையைத் தூக்கினாள். வெறும் சீட்டுகளைப் பார்த்தாள். "வாப்பா, நிந்தவூர் தாண்டிட்டமா?"

நான் கியரை மாற்றினேன்.

காரைதீவுச் சந்திக்குக் கிட்டப் போகும்போது பின்னால் ஹோர்ன் சத்தம். விடாத சத்தம். ஒரு ஸ்கூட்டி வலப்பக்கமாக முந்தி, பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே நின்றது. பிரேக்கை மிதித்தேன். ஸ்கூட்டியில் விதானையின் மனைவி. அபாயா காற்றில் உப்பியிருந்தது. பின்னால் விதானை, பையைக் கட்டிப்பிடித்தபடி.

அவ இறங்கி நேரே என் ஜன்னலுக்கு வந்தா.

"காக்கா, பஸ்ஸுல பிரேக் இல்லையா, ஒங்களுக்குக் கண் இல்லையா?"

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி."

"மன்னிக்கிறத்துக்கு நேரமில்ல. ஏழு மணிக்கு மெசின்ல ஏறாட்டி அடுத்த ஆள ஏத்திருவாங்க. புடிங்க இவர!"

விதானைக்கு மூச்சு வாங்கியது. அதற்குள்ளும் வாய் சும்மா இருக்கவில்லை. "வுடு புள்ள. மச்சான் இண்டைக்கு நேர கொழும்புக்கு ஓட்டுறார் போல. நாம கல்முனைச் சனம்."

கொண்டக்டர் இறங்கிப் போய் அவரைத் தூக்காத குறையாக ஏற்றினார். கொழும்புக்காரர் நகர்ந்து தன் சீட்டில் பாதியைக் கொடுத்தார்.

"நீங்க ஏன் ஹோல்ட்டுக்கு வரல்ல?" என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"தம்பி, ஹோல்ட்டுக்கு நடந்து வாற அளவுக்கு நான் நல்லா இரிந்தா ஆஸ்பத்திரிக்கு ஏன் போறன்?"

"அப்ப மத்த நாள்ல?"

"மத்த நாள்ல இவரு மனிசன். வாசல்ல நிப்பார்."

பஸ்ஸில் இருந்த ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். நான் றோட்டைப் பார்த்தேன். மகள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது திரும்பாமலே தெரிந்தது.

கொழும்புக்காரர் விடவில்லை. என்ன வேலை என்று கேட்டார். விதானை சொன்னார். அந்த வேலைக்கு யார் சம்பளம் தருவது என்று கேட்டார்.

"வட்டைக்காரர்தான். ஒவ்வொரு போகமும் ஏக்கருக்கு இத்தன மரைக்கால் நெல்லு எண்டு."

"உங்களால பிரயோசனம் இல்லாதவரும் தருவாரா?"

"வாய்க்கால் தலைப்புல வயல் இரிக்கிறவன் கேப்பான், எனக்குத் தண்ணி தானா வருது, ஒனக்கு ஏன் தாறண்டு. ஏசி ஏசித் தருவான். தராட்டி வாய்க்கால் தூர்ந்து போகும். தூர்ந்தா அவன்ட வயலுக்குள்ளதான் மொதல்ல தண்ணி ஏறும்."

இதை நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டேன். முன்பும் தெரிந்த விஷயம்தான். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் அது பஸ்ஸுக்கும் பொருந்தும் என்று பட்டது.

விதானையை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினோம். ஏழு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. கல்முனை ஸ்டாண்டுக்குள் போனதும் டைம் கீப்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது? வழியில இரிக்கிற சனமெல்லாம் மௌத்தாப் போயிற்றா?"

கொழும்புக்காரர் இறங்கி நின்று போனில் பழைய நாட்களின் கோடுகளைத் தட்டிப் பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னார்: "நேரத்துக்கு வந்தா ஆள் இல்ல. ஆள் இருந்தா நேரம் இல்ல. நான் எதுக்கு விலை போடுறது?"

"ஆளுக்கு," என்றாள் மகள். யோசிக்காமல் சொன்னாள்.

அவர் தலையை ஆட்டினார். ஓம் என்றா இல்லை என்றா என்று எனக்கு விளங்கவில்லை.

பகல் வீட்டில் அவள் சத்தம் போடவில்லை. சோற்றில் கை வைத்தபடி கேட்டாள்.

"எனக்காகவா ஓடினீங்க?"

"ஓம்."

"நீங்க எனக்குப் பொய்க் கோடு கீறித் தந்திருக்கீங்க வாப்பா. அத நம்பி அவங்க காசு போட்டா, அது களவு."

"ஓம்."

"அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

பின்னேரம் விதானையின் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "புள்ளைக்காகச் செஞ்ச. நானும் செய்வன்," என்றார். பிறகு, "இன்னொருக்காச் செஞ்சா மனிசி பஸ்ஸக் கொளுத்துவா," என்றார்.

அங்கேதான் ஹாஜியார் சொன்னதை முதல் தடவையாக வெளியே சொன்னேன். பஸ் நின்றால் அவருக்கு என்ன என்பதை இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை. நான் என் மனதில் பட்டதைச் சொன்னேன். டிக்கெட் வாங்குவது சீட்டில் இருக்கிறவன். ஆனால் பஸ் வேலை செய்வது அவனுக்கு மட்டும் இல்லை. கல்முனைக் கடைக்காரனுக்குச் சனத்தைக் கொண்டுபோகிறது. பள்ளிக்கூடத்துக்கு ரீச்சரைக் கொண்டுபோகிறது. எல்லாருக்கும் ஓடுகிற வாய்க்காலுக்கு, கடைசி வயல்காரன் மட்டும் காசு கொடுத்தால் எப்படி?

அவர் எழும்பி உட்கார்ந்தார். "நான் ஒரு கூட்டம் போடுறன். இத நீ அதுல சொல்லு மச்சான்."

"எனக்குக் கூட்டத்துல கதைக்க வராது."

"பஸ் ஓட்டுற மாதிரிச் சொல்லு. நிண்டு நிண்டு."

இதற்குள் கொழும்பிலிருந்து போன் வந்தது. ஊர் பஸ்ஸை விட்டுவிட்டு, கொழும்புக்கு ஓடும் நீண்ட தூர பஸ்ஸுக்கு சீட் பதியும் வேலைக்கு மாறினால் முதல் சொன்ன விலையைவிடக் கூடத் தருவார்கள். ஊர் பஸ்தான் என்றால் மிகவும் குறைவு. மகள் யோசிக்க மூன்று நாள் கேட்டாள், அந்த மூன்று நாளும் என்னோடு பஸ்ஸில் வந்தாள். வாசல் வாசலாக நின்றோம். எங்கே ஏன் நிற்கிறேன் என்று கேட்டுக் கொப்பியில் எழுதினாள்.

நான்காம் நாள் குறைந்த விலைக்கு ஓம் என்றாள்.

மனைவிக்குத் தாங்கவில்லை. "பைத்தியமா புள்ள? கூடத் தாறண்டு சொல்றாங்க!"

"உம்மா, தூர பஸ்ஸுக்கு இத நாலஞ்சு பேர் செய்றாங்க. ஊர் பஸ்ஸுக்கு ஒருத்தரும் இல்ல. எல்லா ஊர்லயும் வாசல்ல நிக்கிற பஸ் இரிக்கி. அத எப்பிடி அளக்கிறண்டு ஒருத்தருக்கும் தெரியா. எங்களுக்குத் தெரியும்."

அவள் எனக்காக இதைச் செய்யவில்லை. கணக்குப் பார்த்துத்தான் செய்தாள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கூட்டம் கல்முனைச் சந்தைக் கட்டட மாடியில் நடந்தது. விதானை தன் வட்டைக்காரரைக் கூட்டி வந்தார், நிந்தவூராரும் காரைதீவாரும். கடைக்காரர் கொஞ்சப் பேர். ஹாஜியார் கடைசி வரிசையில் கைகட்டி இருந்தார். நான் எழும்பினேன். சொன்னேன். அரசாங்க பஸ் பெரிய றோட்டால் போகிறது, உள் றோட்டுக்கு நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்றேன். வட்டை விதானைக்குக் கொடுக்கிற மாதிரி பஸ்ஸுக்கும் போகத்துக்கு ஒரு பங்கு, ஏறுகிறவனும் ஏறாதவனும், என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு புடவைக்கடைக்காரர் எழும்பினார். "எனக்கு வாகனம் இரிக்கி. நான் பஸ்ல ஏறுறல்ல. நான் ஏன் தரணும்?"

"ஒங்கட கடைக்கு வாற பொம்புளயள் எதுல வாறாங்க?" என்று கேட்டேன்.

அவர் வாய் திறக்க முன் விதானை சொன்னார்: "வாகனத்த அனுப்பி ஏத்திட்டு வாறீங்களோ, முதலாளி?"

மாடி முழுக்கச் சிரிப்பு. கடைக்காரரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். மகள் எழும்பி, யார் யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று சுவரில் படம் போட்டுக் காட்டினாள். பேர் இல்லை, புள்ளி மட்டும். கல்முனைக் கடைத்தெருவில் புள்ளிகள் எறும்பு மாதிரி மொய்த்தன. அதைப் பார்த்த பிறகு கேள்வி குறைந்தது.

ஹாஜியாரிடம் கேட்டார்கள். "ஒரு போகம் பாப்பம்," என்றார். "நெல்லு வந்தா பஸ் இஞ்சயே ஓடும். வராட்டி நுவரெலியா."

வெட்டு மெசின் வயலில் இறங்கியது. முதல் கிழமை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் கிழமையும் இல்லை. கூட்டத்தில் கை தூக்குவது லேசு. ஹாஜியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நுவரெலியாக்காரன் ஒருநாள் வந்து பஸ்ஸைச் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் கிழமை, திங்கட்கிழமை. விதானையின் வாசலில் நிற்பாட்டினேன். அவர் பக்கத்தில் ஒரு மூடை நின்றது. வாய் தைத்த புது மூடை. அவருடைய மனைவி அதில் சாய்ந்து நின்றா.

கொண்டக்டர் இறங்கினார். "இது எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல," என்றார் விதானை. "பஸ்ஸுக்கு."

"மூடைக்கு டிக்கெட்?"

"அடேய், பஸ்ஸுக்குக் கூலி குடுக்கிறத்துக்கும் கூலியா!"

இரண்டு பேராக அதைத் தூக்கிப் பின் கதவால் ஏற்றினார்கள். பிறகு விதானையை ஏற்றினார்கள். எட்டு நிமிடம் ஆனது. அடுத்த வளைவில் இன்னொரு வாசலில் இரண்டு மூடை நின்றது. காரைதீவில் ஒன்று. முதல் மூடை விதானையின் வீட்டிலிருந்து போக வேண்டும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வட்டையில் அறுவடைக்கும் அப்படித்தான். அவர் தொடங்காமல் ஒருவரும் தொடங்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் தவிர அவர் காய்ச்சலில் கிடந்ததால்தான் நெல்லை மூடை கட்ட இரண்டு கிழமை போயிருக்கிறது.

சாய்ந்தமருதில் ஹாஜியாரின் கடைக்கு முன்னால் நிற்பாட்டினேன். அவர் வெளியே வந்து பின் கதவால் பார்த்தார். மூடையை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஈரமா இரிக்கி," என்றார். "காயப் போடணும்." உள்ளே திரும்பிக் கடையாட்களைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னார். நுவரெலியாவைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். புடவைக்கடைக்காரர் காசாகத் தந்தார், சிலர் இன்னும் தரவில்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வது என்று தெரியாது. மகளின் கம்பனி ஐந்து வருடத்தில் என்ன ஆகும் என்று கொழும்புக்காரருக்கும் தெரியாது. அவள் மாடியறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறாள். திரையில் ஒரு நிறம் கூடியிருக்கிறது. ஆளுக்காக நின்ற நேரம் இப்போது சிவப்பு இல்லை, நீலம். சும்மா பிந்தினால் மட்டும் சிவப்பு.

அந்தத் திங்கட்கிழமை பகல் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"வாப்பா, நிந்தவூர்ல எட்டு நிமிசம். என்ன நிறம் போட?"

"மூடை ஏத்தின," என்றேன். "நீலம் போடு."